கோழி அம்மைத் தடுப்பூசி: குப்பி வாங்குவதிலிருந்து பத்தாம் நாள் இறக்கையைத் தூக்கிப் பார்ப்பது வரை

பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் வருஷா வருஷம் ஆவணி மாதம் நாட்டுக்கோழிகளுக்கு அம்மைத் தடுப்பூசி குத்துகிறோம். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குத்துகிற இடத்தில் தடுமாறுவதில்லை. கோழியைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது அரை நிமிஷ வேலை. தடுமாற்றமெல்லாம் குத்துவதற்கு முந்தைய சில மணி நேரத்திலும், குத்தியபின் வரும் பத்து நாளிலும்தான்.

ஒவ்வொரு படிக்கும் காரணம் ஒன்றே: அம்மையை உண்டாக்கும் வைரஸ் கோழியின் தோலுக்குள் வளர்கிற விதம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அவசரமென்று முதல் பகுதியைத் தாண்டிப் போனவர்கள்தான் பிறகு "குத்தியும் அம்மை வந்துடுச்சே" என்று வந்து நிற்கிறார்கள்.

1. ஊசியைத் தொடும் முன்: தோலுக்குள் நடப்பது

இந்த வைரஸால் நல்ல தோலைத் துளைக்க முடியாது. ஒன்றையொன்று கொத்திய காயம், முள் கீறல், கொசுக்கடி என்று ஏதாவது ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். கொண்டை, தாடி, கண்ணிமை என்று இறகில்லாத இடங்களிலேயே கொப்புளம் வருவதற்குக் காரணம் அதுதான். கொசு உட்காரும் இடமும் கோழிகள் கொத்திக்கொள்ளும் இடமும் அவை.

டி.என்.ஏ. வைரஸ்கள் பெரும்பாலும் செல்லின் உட்கருவுக்குள் போய், அங்கிருக்கும் கருவிகளை வைத்துத் தங்களைப் படியெடுத்துக்கொள்ளும். அம்மை வைரஸ் குடும்பம் அப்படியில்லை. சமையற்கட்டில் கால் வைக்காமல் திண்ணையிலேயே தன் அடுப்பை மூட்டித் தன் பாத்திரத்தில் பொங்குகிற விருந்தாளி மாதிரி, உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்திலேயே உட்கார்ந்துவிடும். அரிசி மட்டும் வீட்டுக்காரருடையது. படியெடுக்கத் தேவையான நொதிகளுக்கான குறிப்பைத் தன்னோடு சுமந்து வருவதால்தான் அதன் டி.என்.ஏ. அவ்வளவு நீளம். கோழி அம்மை வைரஸுக்குச் சுமார் 2,88,000 எழுத்துகள். வைரஸ்களில் இது பெரிய உருப்படி.

இப்போது நாள்கணக்கைக் கவனியுங்கள். தோல் செல்லுக்குள் வைரஸின் டி.என்.ஏ. படியெடுப்பு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். ஆனால் முதல் 72 மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற வேலை வேறு: தொற்றிய இடத்தில் தோல் செல்கள் வேகமாகப் பெருகி, தோல் தடிக்கும். வைரஸ் தனக்கு வேண்டிய வயலை முதலில் பெரிதாக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தொற்றும் திறனுள்ள புது வைரஸ்கள் மளமளவென்று சேர்வது மூன்றாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான். தானாகத் தொற்றிய கோழியில் கொப்புளம் தெரிய 4 முதல் 10 நாள் ஆவது இதனால்தான்.

உருவான வைரஸ்கள் இரண்டு வழியாகப் போகின்றன. ஒரு பகுதி, செல்லின் சவ்வைத் தள்ளிக்கொண்டு மொட்டு விடுவதுபோல் வெளியே வரும். வரும்போதே அந்தச் சவ்வில் ஒரு போர்வையையும் போர்த்திக்கொண்டு பக்கத்துச் செல்லுக்குப் போகும். உடம்புக்குள் பரவுகிற கூட்டம் இது. மறு பகுதி செல்லுக்குள்ளேயே, கொழுப்பும் புரதமும் கலந்த உருண்டைகளில் மூட்டை கட்டப்பட்டுக் கிடக்கும். இந்த உருண்டைகளுக்குப் பொலிஞ்சர் உருண்டைகள் என்று பெயர். சாயமேற்றிய தோல் துணுக்கைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தாலே தெரியும் அளவுக்குப் பெரியவை. செல் செத்துப் பொருக்காக உதிரும்போது மூட்டையும் சேர்ந்து தரையில் விழும். உடம்புக்கு வெளியே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற கூட்டம் இதுதான். 9ஆம் பகுதியில் பொருக்கைப் பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிக் குப்பியில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான், வீரியம் குறைக்கப்பட்டது. அது தோல் செல்லுக்குள் புகுந்து, மேலே சொன்ன அதே நாள்கணக்கில் கொஞ்சமாவது வளர்ந்தால்தான் கோழிக்கு எதிர்ப்பு வரும். வளராவிட்டால் நீங்கள் குத்தியது வெறும் தண்ணீர்.

2. எந்த வயது, எந்த மாதம்

6 முதல் 8 வார வயது சரி. தாயிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிர்ப்பு அதற்குள் தேய்ந்திருக்கும். அது இருக்கும்போது குத்தினால் தடுப்பூசி வைரஸையே அடக்கிவிடும்.

எட்டாம் வாரத்தையொட்டி வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான ஊசியும் வரும். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். நாங்கள் இரண்டு வாரம் இடைவெளி விடுகிறோம். முட்டையிடத் தொடங்கிய பெட்டைக்குக் குத்தினால் முட்டை குறையும். விடைக்கோழியாக இருக்கும்போதே, முட்டைக்கு ஒரு மாதம் முன்பாவது முடித்துவிடுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, கடலூர் புதுச்சேரிப் பக்கம் ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை தேங்கிய தண்ணீர்தான், கொசுதான். கொசு ஆராய்ச்சிக்கென்றே 1975லிருந்து ஒரு மையம் இயங்குகிற ஊர் புதுச்சேரி. இருந்தும் கொசுவுக்குப் பஞ்சமில்லை. குத்தியபின் எதிர்ப்பு முழுசாக வர 10 முதல் 14 நாள் ஆகும். தவறிப்போய் மறுபடி குத்த வேண்டி வந்தால் இன்னும் இரண்டு வாரம். இதையெல்லாம் பின்னோக்கி எண்ணினால் ஆவணியில் வந்து நிற்கிறோம். ஆனியில் பொரித்த குஞ்சுகள் அப்போது வயதுக்கு வந்திருக்கும்.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

குப்பியைவிட முதலில் சேர்க்க வேண்டியது ஆட்கள். ஒரு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். உங்களிடம் இருப்பது பன்னிரண்டு கோழி. திறந்த குப்பியை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்க முடியாது. எனவே தெருவில் யார் யாரிடம் எத்தனை கோழி என்று ஒரு தாளில் எழுதி, நூறை நெருங்கியபின் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கேயே உங்கள் ஊர்க் கோழிகளின் வயதையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குத்துவதற்கு இரட்டை முள் ஊசி வேண்டும். பல குப்பிகளோடு அதுவும் வரும். இல்லாவிட்டால் தையல் மெஷின் ஊசிகள் இரண்டைத் தக்கையில் செருகிக்கொள்ளலாம். ஊசிக் காதில் ஒரு சிறு சொட்டு மருந்து தங்கும், அதுதான் ஒரு கோழிக்கான அளவு. இதைத் தண்ணீரில் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்டுக் கொண்டுவாருங்கள். சூடான ஊசி மருந்தையே வேகவைத்துவிடும்.

பனிக்கட்டி போட்ட பிளாஸ்க், நகச்சாயம் ஒரு புட்டி, நோட்டு, பேனா. நகச்சாயம் குத்திய கோழியின் கால் நகத்தில் அடையாளம் வைக்க. நூறு கோழியில் எது குத்தியது எது குத்தாதது என்று ஒன்பது மணிக்குமேல் யாருக்கும் தெரியாது.

ஸ்பிரிட்டும் சானிடைசரும் பக்கத்திலேயே வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு புதியவர்கள் எல்லோரும் சட்டைப்பையில் சானிடைசரோடு வருகிறார்கள், கையில் தடவிக்கொண்டு அதே கையால் இறக்கையை விரிக்கிறார்கள். கிருமியைக் கொல்லும் மருந்துக்குத் தடுப்பூசி வைரஸ் எது, நோய் வைரஸ் எது என்று தெரியாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கை போதும்.

4. குப்பி வீடு வந்து சேரும் வரை

குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். நான் முதல் வருஷம் கடலூரிலிருந்து பைக்கில் வரும்போது குப்பியைக் காகிதத்தில் சுற்றி, டேங்க் கவரில் வைத்துக்கொண்டு வந்தேன். நடுவில் டீ, நண்பர் வீட்டில் பேச்சு. எண்பது கோழிக்குக் குத்தினோம். ஐப்பசியில் அதில் பாதிக்குமேல் கொண்டையில் கொப்புளம். மருந்தைத்தான் எல்லோரும் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். வண்டி எஞ்சின் சூட்டுக்கு மேலேயே வைத்துக்கொண்டு வந்தது பிறகுதான் உறைத்தது.

பிளாஸ்க்கை வீட்டிலிருந்தே பனிக்கட்டியோடு கொண்டுபோங்கள். குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் பனி உருகி லேபிள் உரிந்துவிடும். வாங்கிய மறுநாள் விடியலில் குத்துவதென்று வைத்துக்கொண்டால், இரவு ஃபிரிட்ஜின் நடுத்தட்டு. கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் அனல் படும்.

லேபிளை வீட்டுக்கு வந்ததும் வாசித்துவிடுங்கள். இந்த வழிகாட்டி இறக்கைச் சவ்வில் குத்தும் மருந்துக்கானது. நம் நாட்டில் தசையில் போடும் அம்மைத் தடுப்பூசியும் உண்டு. அது கையில் கிடைத்தால் லேபிள் சொல்வதே சட்டம், நான் சொல்வது இல்லை.

5. கலக்குவது

முந்தின இரவே கோழிகளைப் பஞ்சாரத்திலும் கூட்டிலும் அடைத்துவிடுங்கள். விடியலில் எல்லாக் கோழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று உறுதியானபின்தான் குப்பியைத் திறக்க வேண்டும். குப்பியைத் திறந்துவிட்டு மாமரத்தில் ஏறியிருக்கும் சேவலைத் துரத்திக்கொண்டிருப்பது எங்கள் தெருவில் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது.

உலர்ந்த மருந்தில், அதோடு வந்த கரைசலை மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம். மெதுவாகச் சுழற்றிக் கரையுங்கள், நுரைக்கக் குலுக்க வேண்டாம். கலக்கிய நேரத்தை நோட்டில் எழுதுங்கள். அதிலிருந்து 2 மணி நேரம்தான் கணக்கு. லேபிளில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே கணக்கு.

கரைத்த மருந்தில் பாதியைச் சிறு புட்டியில் எடுத்துக்கொண்டு, மீதியைப் பனியிலேயே வையுங்கள். கையில் இருக்கும் புட்டி நிழலில் இருக்கட்டும்.

6. பிடித்துக் குத்துவது

இருவர் வேண்டும். ஒருவர் கோழியைத் தன் பக்கமாக அணைத்து, இறக்கையை விரித்து அடிப்பக்கம் மேலே தெரியும்படி காட்ட வேண்டும். தோளுக்கும் மடிப்புக்கும் நடுவில் முக்கோணமாக மெல்லிய சவ்வு தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களும் தெரியும். குழாய், எலும்பு, தசை மூன்றையும் விட்டு, இறகில்லாத நடுப்பகுதியில் அடிப்பக்கத்திலிருந்து ஊசி மறுபுறம் வரும்படி ஒரே குத்து.

போன வருஷம் முதல்முறை வந்த பக்கத்துத் தெருப் பையன் கேட்டான்: "அக்கா, இவ்ளோதானா? ரத்தமே வரலையே?"

"ரத்தம் வந்தாத்தான்டா தம்பி தப்பு. மருந்தைக் கழுவிட்டுப் போயிடும்."

தசையில் இறங்கினாலும் பயனில்லை. இந்த மருந்து வளர வேண்டிய செல் தோலின் மேலடுக்கில்தான் இருக்கிறது. ஆழமாகப் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்துச் சிரிஞ்சில் ஏற்றியவர்களும் உண்டு.

ஒவ்வொரு கோழிக்கும் ஊசியை மறுபடி மருந்தில் முக்க வேண்டும். இரண்டு முள்ளும் நனைந்திருக்க வேண்டும். வேகத்தில் பத்துக் கோழிக்கு ஒருமுறை மறந்துபோகும், அதற்காகவே பிடிக்கிறவர் "முக்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

எல்லாக் கோழிக்கும் வலது இறக்கையிலேயே குத்துங்கள். பத்தாம் நாள் எங்கே பார்ப்பது என்று தேட வேண்டியிருக்காது.

மருந்து இறகில் சொட்டக் கூடாது. கோழி தூங்கும்போது தலையை இறக்கைக்குள் செருகிக்கொள்ளும். இறகில் இருக்கும் வைரஸ் முகத்துக்கும் கண்ணுக்கும் போய்விடும், கீறல் இருந்தால் அங்கேயே முளைக்கும். இதைவிட மோசமான தவறு, நேரே கண்ணில் விடுவது. குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுப் பழகியவர்களின் கை தானாக அங்கே போகும். இந்த மருந்தைக் கண்ணில் விட்டால் கண்ணிலேயே அம்மையை வளர்த்ததாக ஆகும். குடிதண்ணீரிலும் கலக்காதீர்கள்.

வளவில் இருக்கும், ஆறு வாரம் நிரம்பிய எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். தடுப்பூசிப் பொருக்கிலும் உயிர் வைரஸ் இருக்கும். சோர்ந்து, இரையெடுக்காமல் நிற்கும் கோழியை மட்டும் விட்டுவிட்டுத் தனியே வையுங்கள். புறாவுக்கு வரும் அம்மை வேறு வகை, இந்த மருந்தை அதற்கு நம்ப வேண்டாம்.

முடிந்ததும் மிச்ச மருந்து, குப்பி, ஊசி எல்லாவற்றையும் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தபின்தான் குப்பைக்கு. வாய்க்காலில் ஊற்றிவிட்டுப் போவது, அடுத்த தெருவுக்கு வைரஸைத் தானம் செய்வது.

7. பத்தாம் நாள்: பிடித்ததா, இல்லையா

பெரும்பாலோர் செய்யாமல் விடும் படி இது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படியையும்விட இதற்குத்தான் மதிப்பு அதிகம். குத்தியது நாம் செய்தது, பிடித்ததா என்பது கோழியின் தோல் சொல்ல வேண்டியது.

ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வலது இறக்கையைத் தூக்கிப் பாருங்கள். குத்திய இரண்டு புள்ளியிலும் சிறு வீக்கமோ பொருக்கோ இருக்க வேண்டும். விரலால் தடவினாலே தட்டுப்படும். முதல் பகுதியில் சொன்ன அதே கதைதான் இது: வைரஸ் செல்லுக்குள் போயிற்று, செல்கள் பெருகின, தோல் தடித்தது, இப்போது காய்கிறது. கோழியின் எதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் நாளே பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது ஒன்றும் இருக்காது, செல்கள் இப்போதுதான் பெருகத் தொடங்கியிருக்கும். குத்திய மறுநாளே சிவந்து வீங்கியிருந்தால் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் ஊசியோடு போன அழுக்கு. மூன்று வாரம் கழித்துப் பார்த்தாலும் பயனில்லை, பொருக்கு உதிர்ந்து போயிருக்கும்.

பெரிய பண்ணையில் பத்துக்கு ஒரு கோழியைப் பார்த்தால் போதும். வீட்டுக் கோழியென்றால் எல்லாவற்றையும் பாருங்கள், ஒரு விடியலில் முடிகிற வேலை. நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே "பிடித்தது இத்தனை, இல்லை இத்தனை" என்று எழுதுங்கள்.

பிடிக்காத கோழிகளைக் கணக்கெடுத்தால் காரணம் தானாகத் தெரியும். எல்லா வீட்டிலும் பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை என்றால் மருந்து செத்திருக்கிறது: வெயில், சூடு, நேரம் கடந்தது. புதுக் குப்பி வாங்கி மறுபடி குத்த வேண்டும். கடைசியாகக் குத்திய வீட்டில் மட்டும் பிடிக்கவில்லை என்றால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக என்றால் ஊசியை முக்க மறந்தது. வயதான கோழிகளில் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அவற்றுக்கு முன்பே அம்மை வந்து போயிருக்கலாம், கொண்டையில் பழைய வடு இருக்கிறதா பாருங்கள். அந்தக் கோழிகளுக்கு மறுபடி குத்தத் தேவையில்லை.

பொருக்கைப் பிய்க்காதீர்கள், மஞ்சள் பூச வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் தானே விழும்.

8. ஏற்கெனவே அம்மை வந்துவிட்டால்

இந்த நோய் கூட்டத்தில் மெதுவாகத்தான் பரவும், வாரக்கணக்கில். அதனால் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கோழிகளுக்குத்தான் வந்திருக்கிறது என்றால், மற்ற நல்ல கோழிகளுக்கு உடனே குத்தலாம். கொப்புளம் உள்ளதற்குக் குத்துவதில் பொருளில்லை.

வந்த கோழிக்கு வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஆன்டிபயாட்டிக் கொடுப்பது புண்ணில் சேரும் பாக்டீரியாவுக்காக, அதையும் கால்நடை மருத்துவர் சொன்னபின் கொடுங்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறோம், ஈ மொய்க்காமல் இருக்கும். அதனால் வைரஸ் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தோலில் மட்டும் வந்த அம்மை மூன்று நான்கு வாரத்தில் தானாகவே ஆறும்.

சாவு அதிகம் வருவது பட்டினியால். இமை ஒட்டிக்கொண்டால் கோழிக்கு இரை தெரியாது. தனியே வைத்து, அலகைத் தண்ணீரில் தொட்டுக்காட்டி, ஊறவைத்த கம்போ கஞ்சியோ கொடுங்கள். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சளாகப் படலம் கட்டி, கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வேறு ரகம். வைரஸ் மூச்சுப் பாதையின் உள்தோலில் வளர்கிறது, மூச்சடைத்துச் சாகலாம். படலத்தை உரிக்கப் போகாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளைகளைக் கோழிப்பக்கம் விடாமல் வைக்கிற வீடுகள் உண்டு. கோழி அம்மை வைரஸால் பாலூட்டிகளின் செல்லில் தன் வளர்ச்சியை முடிக்க முடியாது, மனிதர்களுக்கு வராது. பிள்ளைகளுக்கு வரும் சின்னம்மை ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். பெயரில்தான் இரண்டும் அம்மை.

9. பொருக்கும் கொசுவும்

உதிர்ந்த பொருக்கில் மூட்டை கட்டிக் கிடக்கும் கூட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கூட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்று திருப்தியடையாதீர்கள். 1% பீனாலில் 9 நாள் வரை தாக்குப்பிடிக்கக்கூடிய வைரஸ் இது. வெயிலில் காயவைத்தாலும் போதாது. வெயில் பட்டுச் சிதைந்த டி.என்.ஏ.வை வெளிச்சத்தின் உதவியோடே ஒட்டுப்போடும் நொதி ஒன்று இதனிடம் இருக்கிறது. சூட்டுக்கு மட்டும் அஞ்சும்: 50 டிகிரியில் 30 நிமிடம், 60 டிகிரியில் 8 நிமிடம். ஆகவே கூட்டுத் தரையைச் சுரண்டி, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துக் கூட்டி, தவிடு, இறகு, பொருக்கு எல்லாவற்றையும் கொளுத்திவிடுங்கள். இரைத்தட்டுக்கும் தண்ணீர்ச் சட்டிக்கும் கொதிநீர்.

கொசுவின் உடம்பில் இந்த வைரஸ் வளர்வதில்லை. வாயுறுப்பில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கூடவே வரும், ஒரு கொசு பல கோழிகளைக் குத்தும். அந்தி நேரத்துக் கூட்டுக்குக் கொசுவலைத் துணி கட்டுங்கள். கொட்டாங்குச்சி, பழைய டயர், ஆட்டுக்கல் குழி என்று நீர் தேங்குகிற எதையும் கவிழ்க்கவோ வடிக்கவோ செய்யுங்கள். மர இடுக்கில் ஒளியும் கோழிப்பேனும் உண்ணியும் காயம் உண்டாக்கும், கூட்டு மூங்கிலை அதற்காகவும் பாருங்கள்.

10. நோட்டை மூடும் முன்

குத்திய தேதி, குப்பியின் தொகுதி எண், காலாவதித் தேதி, பிடித்த கணக்கு நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே, அன்று ஆறு வாரம் நிரம்பாமல் விட்டுப்போன குஞ்சுகள் எந்த வீட்டில் எத்தனை, எந்தத் தேதியில் ஆறு வாரம் ஆகும் என்பது. சந்தையில் புதுக்கோழி வாங்கி வருகிறவர்களும் இந்தப் பக்கத்திலேயே பெயரை எழுதிவிட்டு, இரண்டு வாரம் தனியே கட்டி வைக்க வேண்டும். எங்கள் நோட்டில் இந்த வருஷம் இருபத்திரண்டு குஞ்சு பாக்கி, புரட்டாசிக் கடைசியில் நாள் வருகிறது. இன்னும் எழுபது கோழியாவது சேர்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.